ஓடிலின் காதுக்கு ஏற்ற ஜாஸ்

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வீட்டுப் படியேறும்போதே அல்சீட் ரூசெல் ஒரு வீர சபதம் எடுத்துவிட்டார். இன்று மதியம் மனைவி ஓடிலை முன்னறையில் உட்கார வைத்து, ஓர் இசைத்தட்டின் ஒரு பக்கத்தையாவது முழுசாகக் கேட்க வைத்தே தீருவது. நாற்பது வருடம் ட்ரம்பெட் ஊதி, நியூ ஆர்லியன்ஸ் ஊரிலுள்ள கல்யாணம், சாவு, ஊர்வலம் அத்தனையிலும் தெருவையே ஆட வைத்த மனிதருக்கு இது ஒரு பெரிய காரியமா?

பெரிய காரியம்தான். போன வருடம் வந்த காய்ச்சல் ஓடிலின் காதில் தன் வேலையைக் காட்டிவிட்டுப் போயிருந்தது. தட்டில் கரண்டி விழுந்தால்கூட அவள் துடித்துப் போவாள். திடீரென்று அடிக்கும் ஜால்ராவும் உச்சத்தில் வீறிடும் ட்ரம்பெட்டும் அவளுக்கு ஊசி ஏற்றுகிற வலி. முப்பது வருடமாக இருவரும் சேர்ந்து பாட்டுக் கேட்ட ஞாயிற்றுக்கிழமை மதியங்கள் அதோடு நின்றுபோயின. அவர் முன்னறையில், அவள் கதவைச் சாத்திக்கொண்டு சமையலறையில். பக்கத்து நாற்காலி காலியாகக் கிடப்பது அல்சீட்டுக்குத் தாங்கவில்லை. வாய்விட்டுச் சொல்ல வெட்கம், அவ்வளவுதான்.

இன்னொரு சங்கதியும் உண்டு. நாற்பது வருட வாசிப்பில் அல்சீட்டின் காதும் பாதி போய்விட்டது. அதை அவர் ஒப்புக்கொள்வதில்லை. டாக்டர் கொடுத்த காது மிஷின் ஒரு வருடமாக இழுப்பறையில், காலுறைகளுக்கு அடியில் தூங்கிக்கொண்டிருந்தது.

வாசலில் பக்கத்து வீட்டு பெர்சி உட்கார்ந்திருந்தார். அல்சீட் ஊதிய வாத்தியக் குழுவில் பெரிய மத்தளம் அடித்தவர். காதுக்கும் அதே கதிதான். அல்சீட் அவர் காதோரம் குனிந்து ரகசியம் சொன்னார். தெருமுனை நாய் தலையைத் தூக்கிப் பார்த்தது.

"மெதுவான பாட்டா ஒண்ணு பொறுக்கி வச்சிருக்கேன்டா. ஓடிலுக்குத் தெரியாது!"

"யாருக்குத் தெரியாது?"

"ஓடிலுக்கு!"

"அவளுக்கு ஏன் தெரியணும்? ரகசியமா வையி!" என்று பெர்சி கத்தினார்.

சமையலறை ஜன்னல் மெல்லச் சாத்திக்கொண்டது.

உள்ளே போய் இசைத்தட்டைப் போட்டார் அல்சீட். சத்தத்தை அவருக்குச் சரி என்று பட்ட இடத்தில் வைத்தார். பஞ்சு மாதிரி இருந்தது, அவருக்கு. அலமாரியில் கோப்பைகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. இரண்டு காதையும் பொத்திக்கொண்டு ஓடில் வந்து நிறுத்தினாள்.

"இதுதான் உன் மெதுவான பாட்டா?"

"தாலாட்டு மாதிரி இருக்கே!"

"தூங்குற பிள்ளை செத்துப்போயிரும். இத பாரு ராசா, நான் உக்காந்து கேக்க மாட்டேன்னு சொல்லல. எனக்கும் ஆசைதான். சத்தத்தை நான் வைக்கிற இடத்துல வை. எந்த இடத்துல திடுக்குன்னு அடிக்கும், எந்த இடத்துல மேல ஏறும், அதை முன்னாலயே எனக்குச் சொல்லிரு. தெரிஞ்சு வந்தா தாங்கிக்குவேன். தெரியாம வந்தாத்தான் உசுரு போகுது."

"பூ, அவ்வளவுதானா? நாற்பது வருஷ அனுபவம் எதுக்கு இருக்கு?"

"முடியலைன்னா இந்தத் தட்டு எல்லாம் பெர்சியோட கொட்டகைக்குப் போயிரும். சரியா?"

"சரி!" என்றார் அல்சீட், சண்டைச் சேவல் மாதிரி.

அவள் சத்தத் திருகியை ஒரு கோடு அளவுக்கு இறக்கி வைத்துவிட்டுப் போனாள். அல்சீட் தட்டைப் போட்டார். தட்டு சுற்றியது. ஊசி ஓடியது. பாட்டைத்தான் காணோம். பெட்டியின் மேல் காதை வைத்துப் பார்த்தார். கண்ணை மூடிப் பார்த்தார். எங்கோ தூரத்தில் யாரோ இருமியது போல இருந்தது. அது பெர்சி.

வேறு வழியில்லை. அடிமேல் அடி வைத்துப் போய் இழுப்பறையைத் திறந்தார். காது மிஷினில் பச்சை விளக்கு எரிந்தது. ஒரு வருடமாகக் கிடந்த சாமான் முழுசாக சார்ஜ் ஏறி இருக்கிறதே என்று யோசிக்கிற ஆளா அவர்? நல்ல மிஷின் என்று மெச்சிக்கொண்டு மாட்டினார். ஊர்வலத் தொப்பியை எடுத்துக் காது மறைய இழுத்துவிட்டுக்கொண்டார்.

ஊசி மறுபடி இறங்கியது. மத்தளத் தோலில் கம்பிப் பிரஷ் உரசுவது கேட்டது. பாஸ் வாசிக்கிறவன் மூச்சு இழுப்பது கேட்டது. யாரோ நாற்காலியில் நகர்ந்து உட்காருவதுகூடக் கேட்டது. இத்தனை வருடமாக இந்தத் தட்டைத் தான் கேட்கவே இல்லை என்று அவருக்கு அப்போதுதான் புரிந்தது. கண் கலங்கிவிட்டது. ஜால்ரா அதிகமுள்ள தட்டுகளைத் தள்ளினார். ட்ரம்பெட் வீறிடுவதைத் தள்ளினார். அதில் இரண்டு அவர் வாசித்தவை. கடைசியில் பியானோவும் பாஸும் கிளாரினெட்டும், மத்தளத்தில் வெறும் பிரஷுமாக ஒரு தட்டு மிஞ்சியது.

ஓடில் வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"வீட்டுக்குள்ள எதுக்குத் தொப்பி?"

"குளிருது."

நியூ ஆர்லியன்ஸில், ஜூலை மாத மதியத்தில், குளிருகிறதாம். அல்சீட் ஊசியை இறக்கினார்.

"இப்போ கிளாரினெட் மேல ஏறும்... மூணு, ரெண்டு, ஒண்ணு. ஏறிருச்சு பாரு. இனி பயமில்ல, பிரஷ் மட்டும்தான். இப்போ பியானோ ஒரு தட்டு தட்டும், பிடிச்சுக்கோ."

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணை மூடினாள். ஒரு பக்கம் முழுசும் ஓடி முடிந்தது. அவள் ஒருமுறைகூட முகம் சுளிக்கவில்லை. அல்சீட்டுக்கு உலகத்தையே ஜெயித்த நெஞ்சு. மனைவியும் கிடைத்தாள், தட்டும் தப்பியது, மிஷின் ரகசியமும் தொப்பிக்குள் பத்திரம்.

ஓடில் எழுந்து, நாளைச் சமையலுக்கு ஊறப்போட வேண்டிய சிவப்புப் பயறைப் பொறுக்க சமையலறைக்குப் போனாள். முதுகைக் காட்டிக்கொண்டு, பயறு உருளுகிற சத்தத்தைவிட மெல்ல, தனக்குத்தானே முணுமுணுத்தாள்.

"இந்தத் தொப்பியில மனுஷன் இன்னைக்கும் மாப்பிள்ளை மாதிரிதான் இருக்காரு."

"நெஜமாவா?" என்று முன்னறையிலிருந்து துள்ளி வந்தார் அல்சீட்.

துள்ளி வந்து பாதியில் நின்றார். கை தானாகத் தொப்பிக்குப் போனது.

ஓடில் திரும்பவே இல்லை. ஒரு கல்லைப் பொறுக்கிப் போட்டுவிட்டு, அதே மெல்லிய குரலில் சொன்னாள்:

"அப்போ உக்காரு. ஒரு வருஷமா நான் சொன்னதை எல்லாம் முதல்ல இருந்து சொல்றேன்."