உள்ளே ஒரு கோச், வெளியே ஒரு கோச்

அழைப்பு மணி இரண்டாவது தடவை அடித்தபோது, முதல் தடவை அடித்தவர் சோபாவில் உட்கார்ந்து டீயை ஊதிக்கொண்டிருந்தார்.

பூட்டுக்காரர் கதவுத் துளையில் கண்ணை வைத்தார். வைத்த கண்ணை எடுக்க முடியவில்லை. வாசலில் நின்றது சின்ன காலேஜின் கோச். சோபாவில் இருப்பது பெரிய காலேஜின் கோச். இரண்டு பேரிடமும், “பொண்ணு உங்க காலேஜுக்குத்தான்” என்று போனில் சத்தியம் செய்திருந்தார் மனிதர்.

ஆள் நல்லவர்தான். தொழிலிலும் கெட்டி. ஆனால் ‘முடியாது’ என்ற ஒரு சொல்லுக்கு மட்டும் அவர் வாய் திறக்காது. நன்கொடை கேட்டு வந்தால் “நாளைக்கு வாங்க” என்பார். நாளைக்கு வந்தால் ஸ்டோர் ரூமுக்குள் போய் உட்கார்ந்துகொள்வார். போன வருஷம் சகலை கடன் கேட்டு வந்தபோது அவர் உள்ளேயிருந்து தும்மியது தெருவுக்கே தெரியும், சகலையைத் தவிர.

அவருடைய ஒரே மகள் கால்பந்தில் கோல் கீப்பர். பந்து தாண்டாது என்பதால் தெருவில் அவளுக்குப் பெயர் ‘சுவரு’. கோலும் காக்க வேண்டும், பிசியோதெரபியும் படிக்க வேண்டும். இதுதான் அவள் ஆசை. பெரிய காலேஜில் அந்தப் படிப்பு உண்டு. ஆனால் அங்கே ஏற்கெனவே இரண்டு கீப்பர்கள் இருக்கிறார்கள், இவள் இரண்டு வருஷம் பெஞ்சைத் தேய்க்க வேண்டும். சின்ன காலேஜில் முதல் மேட்சிலேயே இறங்கலாம். ஆனால் அங்கே படிப்பு என்பது மூடின கடையின் பெயர்ப்பலகை மாதிரி, வெளியே மட்டும்தான் இருக்கும்.

இதையும் அவர் மகளிடம் சொல்லவில்லை. “ரெண்டு இடத்துலயும் ரெண்டும் இருக்குடா செல்லம்” என்று சொல்லிவைத்திருந்தார். பிள்ளை முகம் வாடினால் தாங்க மாட்டாராம். எங்கே சேர்வது என்று நாளைக்குள் சொல்லியாக வேண்டும்.

மணி மறுபடி அடித்தது.

“யாருங்க?” என்றார் சோபாவில் இருந்தவர். பெரிய காலேஜின் கோச் உருவத்தில் சின்னவர். மெலிந்த கழுத்து, அதில் ஒரு விசில்.

“பால்காரர்... சார், பாப்பா வாங்கின கப்பெல்லாம் நீங்க பார்க்கவே இல்லையே! வாங்க வாங்க.”

கையைப் பிடித்துக் கூட்டிப்போய் ஸ்டோர் ரூமுக்குள் விட்டு, “நிதானமா பாருங்க” என்று கதவைச் சாத்திப் பூட்டினார்.

“பரவாயில்ல, எனக்கொண்ணும் அவசரமில்ல” என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. இவ்வளவு தங்கமான மனிதரா என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும். யோசிக்க அவருக்கு ஏது நேரம்?

சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள் மனைவி. “யாரை உள்ள வச்சீங்க?”

“ஷ்ஷ்!”

“நல்லாருக்கு. இவ்வளவு நாளா நீங்க உள்ள போவீங்க. இப்ப வர்றவங்களையா?”

சின்ன காலேஜின் கோச் உள்ளே வந்தார். அம்மணி வாசலை அடைத்துக்கொண்டு வருகிற உருவம். “முக்குல இறங்கி நடந்தே வந்துட்டேன்” என்று கையை நீட்டினார்.

பூட்டுக்காரர் கையில் ஸ்டோர் ரூம் சாவி. பதறிப்போய் அதை முதுகுக்குப் பின்னால் ஜன்னல் வழியாக வீசினார். பூந்தொட்டிக்குள் விழும் என்று கணக்கு. தொட்டியின் விளிம்பில் பட்டு, கோல் கம்பத்தில் மோதிய பந்து மாதிரி வெளியே துள்ளி, நேரே சாக்கடைக்குள் போனது.

டொப்பென்று சத்தம் கேட்டதும் பூட்டுக்காரரின் முகம் செத்துவிட்டது. சரி, மாற்றுச் சாவி இருக்கிறதே என்று சுவரைப் பார்த்தார். ஆணி மட்டும்தான் இருந்தது.

“உட்காருங்க மேடம்” என்றார்.

“வேற காலேஜ்ல இருந்து யாராவது கூப்பிட்டாங்களா?”

“சேச்சே! யாரும் இல்லீங்க.”

“பெரிய காலேஜ் கோச் உங்க பொண்ணு மேல கண்ணா இருக்காருன்னு கேள்விப்பட்டேனே.”

“அந்த ஆளா? பெஞ்சைச் சூடா வச்சுக்க ஆள் தேடிட்டு அலையறாருங்க!”

ஸ்டோர் ரூமுக்குள் ஒரு கோப்பை உருண்டு விழுந்தது.

“என்னங்க சத்தம்?”

“எலிங்க.”

எலி தும்மியது.

“தும்முதே?”

“தூசிங்க மேடம். பாவம், அதுக்கு ஒத்துக்காது.”

சமையலறையில் மனைவி தலையில் அடித்துக்கொண்ட சத்தம் தெளிவாகக் கேட்டது.

அம்மணி டீயை வாங்கிக்கொண்டார். “நான் ஒளிவுமறைவில்லாம சொல்லிடறேன். எங்ககிட்ட பிசியோதெரபி கிடையாது. பொண்ணு அதைத்தான் படிக்கணும்னா வேண்டாம்னு இப்பவே சொல்லிடுங்க. நான் தப்பா நினைக்க மாட்டேன்.”

எவ்வளவு சுலபமான வாய்ப்பு! ‘வேண்டாம்’ என்று ஒரு வார்த்தை. பூட்டுக்காரர் வாயைத் திறந்தார். நாக்கு வழக்கம்போல வேறு பக்கம் திரும்பியது.

“படிப்பா? அது அவளுக்கு ஏறாதுங்க மேடம். கோலுக்குள்ள கொண்டுபோய் நிறுத்திட்டா போதும், அதோட அவ உலகம் முடிஞ்சுது.”

வாசலில் ஏதோ விழுந்தது.

மகள் பயிற்சி முடிந்து வந்து நின்றிருந்தாள், கையுறையைக்கூடக் கழற்றாமல். எந்தப் பந்தையும் விடாத கை, பந்தை விட்டிருந்தது. அது மெல்ல உருண்டு வந்து அப்பாவின் காலில் இடித்து நின்றது.

பூட்டுக்காரர் பந்தையே பார்த்தார். வேறெங்கே பார்ப்பது? போன மாதம் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் இவள் மார்க்கைச் சொன்ன பிறகுதான் சாவியைக் கையில் கொடுத்தார். அதே வாய்தான் இது.

“எனக்குப் படிப்பு ஏறாதாப்பா?” அவள் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தேவலை.

“அது வந்து... பேச்சுக்குச் சொன்னேன்டா.”

எலி மறுபடி தும்மியது.

“உள்ள யாரு?”

“எலி...” என்று ஆரம்பித்தவர், மகளின் முகத்தைப் பார்த்துவிட்டு, “கோச்” என்று முடித்தார்.

அடுத்து நடந்ததை எங்கள் தெரு நேரிலேயே பார்த்தது. ஜன்னல் என்று ஒன்று எதற்கு இருக்கிறது? அவர் கம்பியை விட்டு நெம்பினார், மனைவியின் கொண்டை ஊசியை விட்டுக் குடைந்தார். பூட்டு அசையவில்லை. ‘யமனே வந்தாலும் திறக்காது’ என்று தன் கடைப் பலகையில் எழுதிவைத்த அதே பூட்டு.

“ஏம்ப்பா, நல்ல பூட்டுக்காரரா யாரையாவது கூப்பிடவா?” என்றார் பக்கத்து வீட்டுக்காரர், ரொம்ப அக்கறையாக.

எதிர்ச்சாரியில் ஒரு வாடகைக் கார் நின்றிருந்தது. அதன் டிரைவர்கூட இறங்கிவந்து ஜன்னலோரம் இடம் பிடித்துக்கொண்டார்.

பூட்டுக்காரர் கொண்டை ஊசியைக் கீழே போட்டுவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்தார். பிடரியெல்லாம் வேர்வை. “மானம் போச்சு” என்று முணுமுணுத்தார். மகள் அவருக்கு முன்னால் வந்து குத்துக்கால் போட்டு உட்கார்ந்தாள். கத்தவில்லை, பதறவில்லை. அவருக்கு அதுதான் பயமாக இருந்தது.

“சார்,” என்றாள் கதவைப் பார்த்து. “உங்ககிட்ட வந்தா எனக்கு எத்தனை வருஷம் பெஞ்ச்?”

“ரெண்டு வருஷம்மா,” என்றது கதவு. “அப்பாகிட்ட அன்னிக்கே சொல்லிட்டேன்.”

அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் பந்தைப் பார்த்தார்.

“நீ வாடிப்போயிடுவேன்னு...”

“வாடினா தண்ணி ஊத்துங்க. பொய்யை ஏன் ஊத்துறீங்க?” கையுறையைக் கழற்றி அவர் மடியில் வைத்தாள். “ரெண்டு வருஷம் பெஞ்சுல உட்கார்றேன். கைல புத்தகம் இருக்கும்ல? எனக்குப் பெரிய காலேஜ்தான். அதை மேடம்கிட்ட நீங்களே சொல்லுங்க.”

“நீயே சொல்லிடேன்டா...”

“ம்ஹூம். சத்தியம் பண்ணது நானில்ல.”

பூட்டுக்காரர் எழுந்தார். அம்மணியின் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் அவருடைய டீ டம்ளரைப் பார்த்தார். உதட்டை ஈரப்படுத்திக்கொண்டார். ஜன்னலில் நாங்கள் இன்னும் கொஞ்சம் நெருக்கியடித்து நின்றோம்.

“மேடம்... பொண்ணை உங்க காலேஜுக்கு அனுப்ப... முடி... முடியாதுங்க. முதல்லயே சொல்லியிருக்கணும். அவ நல்லாப் படிப்பா. நான்தான்... மன்னிச்சிருங்க.”

“இவ்வளவுதானே!” என்று அம்மணி டம்ளரைக் கீழே வைத்தார். “நல்ல பொண்ணு. ரெண்டு வருஷம் கழிச்சு நாங்க அடிக்கிற கோலையெல்லாம் தடுக்காம இருந்தா சரி.”

அப்போதுதான் அந்த டிரைவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார். சட்டைப்பையில் துழாவி எதையோ எடுத்து நீட்டினார்.

“இந்தாங்க சார், ஸ்டோர் ரூம் மாத்துச் சாவி. இவங்க ரெண்டு பேரையும் ஒரே வண்டியில கூட்டிட்டு வரச் சொன்ன பாப்பா காலையிலேயே குடுத்துருச்சு, ‘எங்கப்பா எப்படியும் ஒருத்தரை உள்ள வச்சுப் பூட்டிடுவாரு, அவர் வாயில இருந்து முடியாதுன்னு வந்தப்புறம் இதைக் குடுங்க’ன்னு.”