இருபத்திரண்டு சம்மதப் படிவங்கள் பற்றி

கந்தப்பளை,
20 கார்த்திகை 2024.

மதிப்புக்குரிய பேராசிரியை கமலேஸ்வரி அம்மா அவர்களின் சமூகத்துக்கு,

இங்கு மழையும் நாங்களும் நலம். தாங்களும், தங்கள் குடும்பத்தாரும், என் மகளை விசாரிக்கிற ஆய்வு நெறிமுறைக் குழுவினரும் நோய்நொடியின்றி, முக்கியமாகக் கோபமின்றி, இருக்க முருகனை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். நான் தங்களிடம் முதுகலை ஆய்வு செய்யும் பிரேமினியின் தகப்பன். தோட்டத்து ஆபீசில் இருபத்தேழு வருடம் தபால்காரனாக இருந்து ஓய்வு பெற்றவன். என் கைக்கு வந்த ஒரு கடதாசியும் உரியவருக்குப் போய்ச் சேராமல் இருந்ததில்லை. வினையே அதுதான் அம்மா.

தீபாவளிக்கு வந்த பிரேமினி, கொழுந்தெடுக்கும் பெண்களைப் பேட்டி காண இருபத்திரண்டு சம்மதப் படிவங்கள் கொண்டுவந்திருந்தாள். ஒவ்வொருவரிடமும் அவளே போய், விளங்கச் சொல்லி, கையெழுத்து வாங்க வேண்டும் என்பது பல்கலைக்கழகச் சட்டமாம். வந்த இரண்டாம் நாளே காய்ச்சலில் படுத்துவிட்டாள். பிள்ளையின் வேலை கெடக்கூடாதே என்று, அவள் தூங்கும்போது படிவங்களை எடுத்துக்கொண்டு, ஆட்களை மலைக்குப் பிரித்தனுப்பும் காலைப் பெரட்டுக்குப் போய் எல்லாருக்கும் கொடுத்துவிட்டேன். முதல் பக்கம் ஆய்வின் நோக்கம், நீளமாக இருந்தது. வேலைக்குப் போகிற சனங்களை நிறுத்திவைப்பது முறையில்லை என்று அதை விட்டுவிட்டு, இரண்டாம் பக்கத்தை மட்டும் உரத்து வாசித்தேன். "இதில் பங்குபற்றுவது உங்கள் சொந்த விருப்பம். எந்த நேரத்திலும், காரணம் கூறாமல், நீங்கள் விலகிக்கொள்ளலாம். அதனால் உங்களுக்கு எவ்விதப் பாதிப்பும் ஏற்படாது." எல்லாரும் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். கீழே பல்கலைக்கழக முத்திரை வேறு இருந்தது.

பதினொரு மணிக்கு மழை பிடித்தது. இருபத்திரண்டு பேரும் கூடையை இறக்கிவைத்துவிட்டு மலையிலிருந்து இறங்கிவிட்டார்கள். மலையில் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா குறுக்கே வந்து எங்கே போகிறீர்கள் என்று கேட்டிருக்கிறார். முன்னால் வந்த என் மனைவி அம்மாக்கண்ணு படிவத்தை நீட்டி, "விலகிக்கிறோமுங்க. காரணம் சொல்லத் தேவையில்லைங்க" என்றிருக்கிறாள். அரைநாள் சம்பளத்துக்குத்தான் பேர் போடுவேன் என்று அவர் மிரட்ட, பாதிப்பு ஏற்படாது என்ற வரியில் விரலை வைத்துக் காட்டியிருக்கிறாள். அவர் தோட்ட மனேஜர் துரைக்குச் சொல்ல, துரை பல்கலைக்கழகத்துக்கு எழுத, குழு பிரேமினிக்கு எழுதிவிட்டது. பதினான்கு நாளில் இருபத்திரண்டு படிவமும் திரும்பி வர வேண்டும். ஒன்று குறைந்தாலும் ஆய்வு அனுமதி ரத்து.

அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை அம்மா. தானே கொடுத்ததாக எழுதிக் கொடுத்துவிட்டாள். பல்கலைக்கழகத்தில் அவளோடு அறையில் இருக்கும் பிள்ளை சொல்லித்தான் எனக்குத் தெரியும். போன் எடுத்து ஏசுவாள் என்று காத்திருந்தால், "சாப்ட்டீங்களாப்பா?" என்கிறாள். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. படிக்கிற பிள்ளையைப் பொய் எழுத வைத்துவிட்டேனே. குற்றம் முழுவதும் என்னுடையது. ஆனால் என்னை உங்கள் சட்டப்படி தண்டிக்க வழியில்லை, நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஆகவே நானே ஒரு தண்டனை சொல்கிறேன். அவளுடைய பட்டமளிப்பு விழாவுக்கு நான் வரக்கூடாது என்று தடை போட்டுவிடுங்கள். நுவரெலியாவில் கோட்டு தைக்கக் கொடுத்தாச்சு, பரவாயில்லை, கோயில் திருவிழாவுக்குப் போட்டுக்கிறேன். அவளை மட்டும் விட்டிருங்க.

இருபத்திரண்டு படிவமும் ஒன்று விடாமல் இத்துடன் இணைத்திருக்கிறேன். தங்கள் பிள்ளைகள் படிப்பும் சுகமுமாக நூறு வருடம் இருக்கட்டும். குழுவில் உள்ளவர்களின் பிள்ளைகளும் அப்படியே.

இப்படிக்கு,
தாழ்மையுள்ள,
முத்துலிங்கம்,
முன்னாள் தபால்காரன்.

பி.கு.: உறையை ஒட்டும்போது எண்ணினால் இருபத்தொன்றுதான் இருக்கிறது. மேலே எழுதியதை வெட்ட மனமில்லை, கையெழுத்து நன்றாக வந்திருக்கிறது. பாக்கி ஒன்று அம்மாக்கண்ணுவின் பெட்டியில், அவளுடைய பிறப்புச் சான்றிதழுக்குள் மடித்திருக்கிறது. ஏன் தரமாட்டாய் என்று கேட்டேன். காரணம் சொல்லத் தேவையில்லையாம். மகளுடைய படிப்பே போய்விடும் என்றேன். பெட்டியைப் பூட்டிக்கொண்டே சொன்னாள்: "முப்பத்தோரு வருசமா மல ஏறுறேங்க. ஒனக்கு விருப்பமான்னு கேட்டு வந்த கடதாசி இது ஒண்ணுதான். அதயும் எம் மகதான் கொண்டாந்தா. அவ கேட்டா குடுத்துர்றேன்."

பிரேமினிக்குப் போன் எடுத்துச் சொன்னேன். தாயிடம் அதை அவள் கேட்கமாட்டாளாம்.