ரூஷா அண்ணியின் சத்தமில்லாத கார்

பிரிலெப்,
அக்டோபர் கடைசி ஞாயிறு

மதிப்பிற்குரிய ரூஷா அண்ணிக்கு,

நெவெனாவின் அன்பான வணக்கம். இங்கே உங்கள் தம்பி கிரோ, மகள் கலினா, நான் மூவரும் நலம். கோதன்பர்க்கில் நீங்களும் யோரன் அண்ணனும் குளிருக்கு முன்னால் விறகெல்லாம் சேர்த்து நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஆகஸ்டில் எங்களிடம் விட்டுப்போன உங்கள் காரும் நலமே, முன்பக்கத்தில். பின்பக்கத்தைப் பற்றி அதற்குரிய இடத்தில் எழுதுகிறேன். இப்போதே தாளைப் புரட்டித் தேடாதீர்கள்.

"மித்ரோவ்தென் திருநாள் வரைக்கும் ஓட்டிப் பாருங்க. குடும்பத்துக்குத் தோதா இருந்தா வச்சுக்கங்க, இல்லன்னா நான் வந்து எடுத்துக்கறேன். படிச்சவ நீ, யோசிச்சு எழுது" என்று சொல்லிவிட்டு விமானம் ஏறினீர்கள். யோசிப்பதில் நான் குறை வைப்பதில்லை, அதுதான் என் வியாதியே. ஆனால் விமான நிலையத்தில் இன்னொன்றும் கேட்டீர்கள், "நீங்க ரெண்டு பேரும் நல்லாத்தானே இருக்கீங்க?" என்று. "நல்லா இருக்கோம் அண்ணி" என்றேன். அது முழு உண்மையில்லை. தலைநகர் ஸ்கோப்யேயில் ஒரு பதிப்பகத்தில் என்னை வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அவர்களுக்கும் அதே மித்ரோவ்தெனுக்குள், நவம்பர் எட்டுக்குள், பதில் சொல்ல வேண்டும். கலினாவை அழைத்துக்கொண்டு அங்கேயே போய்விடுவது என்று முக்கால்வாசி முடிவு செய்திருந்தேன். உங்கள் தம்பி குடித்துவிட்டு வருவதில்லை, கை நீட்டுவதில்லை, வேறொரு பெண்ணை ஏறிட்டுப் பார்ப்பதில்லை. நான் பேசினால் கேட்பதில்லை, அவ்வளவுதான். மூன்று வருடமாகச் சுவரோடு பேசிக்கொண்டிருந்தேன், சுவர் அவ்வப்போது "ம், ஆமா" என்றது. ஆகவே இந்த இலையுதிர் காலத்தில் நான் எடைபோட்டது ஒரு காரையும் ஒரு மனிதரையும். காரை எடைபோடுவது சுலபமாக இருந்தது.

பெட்ரோலிலும் ஓடுகிறது, மின்சாரத்திலும் ஓடுகிறது, சந்தோஷம். ராத்திரி செருகி வைத்தால் மறுநாள் கிரோவைச் சலவைக்கல் பட்டறைக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்தும் விடுகிறது, ஒரு சொட்டுப் பெட்ரோல் குடிக்காமல். ஆனால் செருகுவதற்கான பிளக் பாயின்ட் உங்களுக்கு வாசலிலேயே இருக்கிறது, எங்களுக்கு நான்காவது மாடியில் இருக்கிறது. சமையலறை ஜன்னல் வழியாக வயரை இறக்கினோம். மூன்றாம் மாடி த்ஸ்வேதா எட்டிப் பார்த்து, "என்னடி இது, மேலேருந்து வால் தொங்குது?" என்றாள். "காருக்குச் சார்ஜ் ஏறுதுக்கா" என்றேன். "ஓ, தொட்டில் கொழந்தையா? குடு குடு, நல்லா ஊட்டு. அதுவரைக்கும் என் மிளகா காயட்டும்" என்று அதிலேயே சரம் சரமாகக் கட்டிவிட்டாள். மறுநாள் இரண்டாம் மாடிக்காரர் தன் போர்வையைப் போட்டார். வயரைச் சுருட்ட வேண்டுமானால் இப்போது மூன்று குடும்பங்களிடம் அனுமதி வாங்க வேண்டியிருக்கிறது. அனுமதி வாங்க நேரமில்லாமல் ஒருநாள் கிரோ வயரை மிளகாய்ச் சரத்தோடு சுருட்டி டிக்கியில் போட்டுக்கொண்டு பட்டறைக்குப் போனார்.

அடுத்தது, குளிர்காலத்துக்குக் குடைமிளகாயை வறுத்து அய்வர் தொக்கு கிளறும் நாள். கிராமத்தில் உங்கள் ட்ரைகோ சித்தப்பாவைக் கூட்டிக்கொண்டு, குடைமிளகாய் மூட்டைகளை ஏற்றப் போனோம். சித்தப்பா டிக்கியைத் திறந்து பார்த்து, குனிந்து பார்த்து, கையை விட்டும் பார்த்தார்.

"இவ்ளோ பெரிய வண்டி, இத்துனூண்டு டிக்கி. மீதி எங்கடா கிரோ?"

"அடியில பேட்டரி இருக்கு சித்தப்பா."

"பேட்டரிய வறுத்து அய்வர் பண்ண முடியுமா?"

மிஞ்சிய மூட்டைகள் எங்கள் மடியில் ஏறின, உங்கள் வெள்ளைத் தோல் இருக்கையில் ஒன்றிரண்டு நசுங்கவும் செய்தன. வினிகர் போட்டுத் துடைத்துவிட்டேன், வாசனை மட்டும் இருக்கிறது. புழுக்கமாக இருக்கிறதே என்று கலினா ஏதோ பொத்தானை அழுத்தினாள். இருக்கைக்குள்ளிருந்து சில்லென்று காற்று கிளம்பிச் சித்தப்பாவின் முதுகில் ஏறியது. அண்ணி, குறுக்குக் காற்று பட்டால் நோய் வரும் என்று ஜூலை வெயிலில்கூட பஸ்ஸில் எதிரெதிர் ஜன்னலைத் திறந்தால் கைகலப்பு நடக்கும் ஊர் இது. "நிறுத்துடா! போச்சு, கிட்னி ரெண்டும் போச்சு!" என்று மனிதர் கத்திய கத்தலில் கிரோவே திரும்பிப் பார்த்தார். இறங்கி, வெயிலில் நின்று, கம்பளிச் சால்வையை இடுப்பில் சுற்றிக்கொண்டு, "காத்தடிக்கற நாற்காலிய எந்தப் பாவிடா கண்டுபுடிச்சான்? ஸ்வீடன்ல யாருக்கும் இடுப்பே கெடையாதா?" என்று கேட்டார். மீதி வழியை நடந்தே வந்தார். நாங்கள் காரில் அவர் பக்கத்திலேயே ஊர்ந்து வந்தோம்.

அன்று மாலை நடந்ததைத்தான் உங்களிடம் சொல்ல வேண்டும். ஊருக்குத் திரும்பும்போது கலினா பின்னால் தூங்கிவிட்டாள். கார் மின்சாரத்தில் போய்க்கொண்டிருந்தது, சக்கரத்தடியில் சரளைக்கல் நொறுங்குவது தவிர ஒரு சத்தம் இல்லை. எங்கள் பழைய டீசல் வேனில் பக்கத்தில் இருப்பவரிடம் பேசவே தொண்டை கிழியக் கத்த வேண்டும். இத்தனை காலமும் நான் வேனின்மேல் பழியைப் போட்டு மனதைத் தேற்றிக்கொண்டிருந்தேன். இப்போது வேன் இல்லை. தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, "கிரோ, நான் ஸ்கோப்யேவுக்கே போயிடலாம்னு இருக்கேன்" என்றேன். அவர் சாலையைப் பார்த்தபடி, "ஆமா, இந்த வருஷம் மிளகாயில நல்ல சதைப்பத்து" என்றார்.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வேன் ஒன்றும் செய்யவில்லை, என் பேச்சுக்குத்தான் அவரிடம் இடமில்லை என்று தெளிவாகிவிட்டது. ஒரு விலையுயர்ந்த கார் இதைவிடத் துல்லியமாக எதைக் காட்ட முடியும்?

அடுத்த ஞாயிறு மலைமேல் மடாலயத்துக்குப் போனோம். இங்கேதான் உங்கள் காரின் பின்பக்கம் வருகிறது, அண்ணி, உட்கார்ந்துகொள்ளுங்கள். கிரோ வண்டியைப் பின்னால் எடுத்தார். கார் "பீ, பீ, பீ" என்று வீறிட்டது. நானும் கலினாவும் காதைப் பொத்திக்கொண்டோம். வாளியோடு வந்த ஒரு கன்னியாஸ்திரி ஓரமாக ஒதுங்கினார். கிரோவோ பாட்டுக் கேட்பவர்போல் நிதானமாகப் பின்னாலேயே போய், கல்தொட்டியில் முட்டி நின்றார்.

"அப்பா! பீப் அடிக்குதுல்ல!" என்று கலினா அவர் காதோரம் போய்க் கத்தினாள்.

"என்ன பீப்?"

"இதோ, இந்த பீப்!" கார் இன்னும் கத்திக்கொண்டுதான் இருந்தது.

"அம்மாவும் பொண்ணும் சேந்துக்கிட்டு வெளையாடறீங்களா?"

கன்னியாஸ்திரி ஜன்னலருகே குனிந்து, குதிருக்குள்ளிருந்து வருவதுபோன்ற கட்டைக் குரலில், "மகனே, எனக்கே கேக்குது. எனக்கு எம்பது வயசு" என்றார். அவர் சொன்னது கிரோவுக்குத் தெளிவாகக் கேட்டது. முகம் மாறியது. நான் இறங்கி, அவர் முதுகுக்குப் பின்னால் நின்று "கிரோ" என்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. இன்னும் உரக்கக் கூப்பிட்டேன். நசுங்கிய இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். என் மூன்று வருட வழக்கு அந்தக் கல்தொட்டியருகே அப்படியே சரிந்து விழுந்தது.

பிதோலாவில் காது டாக்டரிடம் போனோம். காலமெல்லாம் கல்லறுக்கும் ரம்பத்தின் பக்கத்தில், காதுக்கு எதுவும் மாட்டாமல் நின்றதன் பலன் என்றார். தடித்த ஓசைகள் கேட்கும், மெல்லிய கூரான ஓசைகள் போய்விட்டன. "லாரி கேக்கும், கட்டைக் குரல்ல பேசற சித்தப்பா கேக்கும். குருவி, போன் மணி, பெண்டாட்டி, பொண்ணு, இதெல்லாம் கேக்காது. வெளிய சொல்லாதீங்கம்மா, ஊர்ல பாதி ஆம்பளைங்க சீட்டு கேட்டு வந்துடுவாங்க" என்றார். கிரோ சிரித்தார். டாக்டருக்கும் கட்டைக் குரல்.

வரும் வழியில் கிரோ பாப்லர் மரங்களுக்குக் கீழே காரை நிறுத்திவிட்டார். "நீ வாய்க்குள்ளயே பேசறன்னு நெனச்சேன்" என்றார். "எம்மேல என்னமோ கோவம், அதான் வேணும்னே முணுமுணுக்கறன்னு. திருப்பிக் கேட்டா இன்னும் கோவிச்சுப்பியோன்னு எல்லாத்துக்கும் ஆமா ஆமான்னேன்." மூன்று வருடமாக நான் அவரை விட்டுவிடத் தயாராகிக்கொண்டிருந்தேன், அவர் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தார். இரண்டுக்கும் காரணம் அதே "ஆமா"தான். நான் அவர் முகத்துக்கு நேராகத் திரும்பி, ஸ்கோப்யே விஷயத்தை முழுவதும் கத்திச் சொன்னேன். வயலில் புகையிலை பறித்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அவர் ஸ்டியரிங்கை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "இதையும் நான் மிளகான்னு நெனச்சுத் தலையாட்டினேனா?" என்றார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

பதிப்பகத்துக்கு எழுதிவிட்டேன், ஸ்கோப்யேவுக்கு வரவில்லை, பிரிலெப்பிலிருந்தே மெய்ப்புப் பார்த்துத் தர முடியுமா என்று.

ஆகவே என் தீர்ப்பு. வயரில் தொல்லை, டிக்கியில் இடமில்லை, கிராமத்து ரோட்டுக்குக் கனம் அதிகம், பழுது பார்க்க ஸ்கோப்யே போக வேண்டும், செருக மறந்தால் வெறும் பெட்ரோல் குடிக்கும் பெரிய வண்டி. இருந்தாலும் சத்தமில்லாத இந்தக் கார் இல்லாவிட்டால் நான் என் கணவரைச் சரியாகக் கேட்டிருக்கவே மாட்டேன். எங்களுக்கு வேண்டும், அண்ணி. கைகூப்பி நன்றி சொல்லி வாங்கிக்கொள்கிறோம். பின்பக்கத்தை நாங்களே தட்டி நிமிர்த்திக்கொள்கிறோம்.

உங்கள் அடுப்பும் உங்கள் வாசலும் குளிர்காலம் முழுதும் நிறைந்திருக்கட்டும். யோரன் அண்ணனுக்கு எங்கள் வணக்கங்கள். அய்வர் ஆறு புட்டி தனியாக வருகிறது.

என்றும் நன்றியுடன்,
நெவெனா

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் கிரோவின் காது மெஷின் வந்துவிட்டது. மாட்டிக்கொண்டு காரில் கடைவீதிக்குக் கிளம்பினோம். பெல்ட்டுக்கு ஒரு பீப், ரோட்டில் போட்ட கோட்டைத் தொட்டால் ஒரு பீப், முன்னால் ஆடு வந்தால் ஒரு பீப். "இது இத்தன நாளா இப்படித்தான் பேசிட்டிருந்துச்சா?" என்றார். "ஆமா" என்றேன். "ஓயாமலா?" "ஓயாம." மெஷினைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டார். நான் வாயைத் திறந்தேன், அவசரமாக எடுத்து மாட்டிக்கொண்டு என் பக்கம் திரும்பினார். கார் கோட்டைத் தாண்டிவிட்டது என்று கத்தியது, திரும்பக் கழற்றினார். கடைவீதி வருவதற்குள் வண்டியை ஓரங்கட்டி, இந்த வண்டிக்குள் ஒருத்திதான் பேச முடியும் என்று சொல்லிவிட்டார். என்னை வைத்துக்கொள்கிறாராம். காரை நீங்கள் வந்து எடுத்துப்போங்கள், அண்ணி.