சும்மா இருந்த ஜீன்கள் மீது எடுக்கப்பட்ட நடவடிக்கை

மனித உடம்பு இத்தனை காலமும் எந்த மேற்பார்வையும் இல்லாமல் சிவப்பணு தயாரித்து வந்திருக்கிறது என்பதை நினைத்தாலே நெஞ்சு பதறுகிறது. அந்த அராஜகத்துக்கு முற்றுப்புள்ளி வைத்த பெருமை, ரத்த ஆய்வு நிலையத்தின் 'செயல்திறன் மேம்பாட்டுக் குழு'வையே சேரும்.

குழுவின் முன் கைகட்டி நின்றவர் ஆய்வாளர் அம்மாள். எலும்பு மஜ்ஜைச் செல் சிவப்பணுவாக முதிரும்போது எந்த ஜீன் எந்த நாளில் வேலை செய்கிறது என்று மூன்று வருடமாகக் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்து வந்தவர். வளர்ப்புப் பெட்டியில் இருந்த கடைசிச் செல் தொகுதிக்கு அன்று பத்தாம் நாள். இன்னும் எட்டு நாள் கிடைத்தால் ஆராய்ச்சி முடிந்துவிடும். குழு தலையாட்ட வேண்டுமே என்று வேண்டிக்கொண்டே, ஜீன்கள் வேலை செய்யும் அளவைக் காட்டும் வரைபடத்தை நீட்டினார்.

குழுவின் தலைவரான நிலைய இயக்குநர் அதைப் பார்த்து முகம் சுளித்தார்.

"என்னம்மா இது, கோடு நாளுக்கு நாள் எறங்கிக்கிட்டே போகுது? ஆயிரக்கணக்கான ஜீனுங்க வேலையே செய்யலையே!"

"அதுங்க அடங்கினாத்தான் சார் செல் முதிரும். ஹீமோகுளோபின் ஜீனுங்க மட்டும் முழு மூச்சா வேலை செய்யும்."

"நாலு பேரு உழைக்கிறான், மத்தவன்லாம் சும்மா உக்காந்திருக்கான். நீங்க ஒரு விளக்கம்கூட கேக்கலையா?"

"கடைசியில செல்லு, கட்டளை போடுற உட்கருவையே வெளியே தள்ளிடும் சார். ஆனா அதுக்கு முன்னாடி, என்னென்ன செய்யணுங்கிற குறிப்பையெல்லாம் வாங்கி வச்சுக்கும்."

'வெளியே தள்ளிடும்' என்றதும் குழு நிமிர்ந்து உட்கார்ந்தது. அதற்குப் பிறகு சொன்னது எதுவும் காதில் ஏறவில்லை.

"நம்ம ஆய்வகத்துக்கு உட்கரு யாரு?" என்றார் இயக்குநர்.

குழுவினர் ஒருகணம் அவரைப் பார்த்தார்கள். அப்புறம் தங்கள் வேலை நினைவுக்கு வந்து, ஆய்வாளர் அம்மாளைப் பார்த்தார்கள். அவரை வெளியே தள்ளும் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

"சார், செல்லுக்குத் தினமும் ஊட்டத் திரவம் மாத்தணும்..."

"அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம்மா. அடையாள அட்டைய வாசல்ல குடுத்துட்டுப் போங்க."

மூன்று வருட உழைப்பு. பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் பார்க்கிறாரே என்றுகூட நினைக்காமல் அவர் அழுதார்.

அதிலிருந்து எட்டாம் நாள் இயக்குநரே தொலைபேசியில் கூப்பிட்டார். குரலில் அப்படி ஒரு குதூகலம்.

"அம்மா, உங்க காலத்துல எறங்கிக்கிட்டே இருந்த கோடு இப்ப அசையாம நிக்குது! நாலு நாளா ஒரு புள்ளி எறங்கலை. பாராட்டு விழா வச்சிருக்கோம், பழசை மறந்துட்டு வந்துடுங்க."

"எந்த அளவுல சார் நிக்குது?"

"பூஜ்யத்துல."

"திரவம் யாரு சார் மாத்தினாங்க?"

"என்ன திரவம்?"



"சார், உட்கருவத் தள்ளின பிறகும் சிவப்பணு நாலு மாசம் ஓடியாடி வேலை செய்யும். நீங்க நாலே நாள்ல கொன்னுட்டீங்க."