சம்பந்தி விமானத்தை விட்டு இறங்காத கதை

எனக்கு ஒரு வியாதி உண்டு. மஞ்சள் பூத்த பிளாஸ்டிக்கைக் கண்டால் உடனே மாற்றிவிட வேண்டும். புனேயில், ஔந்தில் வெகுகாலம் மெஸ் நடத்தியதில் வந்த வியாதி. டின்னிலிருந்து எண்ணெய் இழுக்கும் குழாய் கொஞ்சம் மஞ்சளானாலும் அன்றைக்கே குப்பைக்குப் போய்விடும். (என் மெஸ்ஸில் சாப்பிட்ட பையன்கள் இன்று பாணேரில் பிளாட் வாங்கிவிட்டார்கள். அவர்கள் வயிறு கெடாததற்கு இந்த வியாதிதான் காரணம் என்பது என் எண்ணம். அவர்கள் எண்ணம் வேறு.)

அந்த வியாதி ஒரு விமானத்தையும் விட்டுவைக்கவில்லை.

என் மாப்பிள்ளை கார்த்திக்கு ஹிஞ்சேவாடியில் கம்ப்யூட்டர் வேலை. மற்றவர்கள் லீவு நாளில் மாலுக்குப் போவார்கள். இவர் ஊருக்கு வெளியே கரும்புக்காட்டு ஓரமாக ஒரு தகரக் கொட்டகை பிடித்து, தன் கையாலேயே விமானம் கட்டினார். ரெண்டு பேர் உட்காரலாம். முதலில் பார்த்தபோது றெக்கை முளைத்த ஆட்டோ மாதிரி இருந்தது. நன்றாயிருக்கிறது என்றேன். மகள் வாழ வேண்டுமே.

கோயம்புத்தூர் சம்பந்திக்கு இது அடியோடு பிடிக்கவில்லை. "ஒரே பையனுங்க. வித்துப்போடுன்னு சொல்லத்தான் வர்றனுங்க" என்று போனில் சொல்லிவிட்டே ரயில் ஏறினார். அப்பா சொன்னால் மாப்பிள்ளை தட்டமாட்டார். முகம் சுண்டிப்போய், "நாளைக்கு அப்பா முன்னாடி இஞ்சினை மட்டும் ஓட்டிக் காட்டிர்றனுங்க மாமா. தரையிலதான். அந்தச் சத்தம் கேட்டா மனசு மாறிருவாரு" என்றார்.

அவர் ஸ்டேஷனுக்குப் போனார். கொட்டகையைத் துடைத்து வைக்கும் பொறுப்பு எனக்கு. துடைக்கும்போதுதான் கண்ணில் பட்டது. தலைக்கு மேல் றெக்கையில் பெட்ரோல் டாங்க். அதிலிருந்து ஒரு குழாய் வலது சீட்டின் முதுகோரமாக இறங்கி இஞ்சினுக்குப் போகிறது. குழாய் நல்ல மஞ்சள்.

சம்பந்தி பார்த்தால் என்ன நினைப்பார்? பஸ் பிடித்து ஹார்டுவேர் கடைக்குப் போனேன். கடைக்காரர் இந்தியில், தண்ணீருக்கா பெரியவரே என்று கேட்டார். ஓடுகிற சாமான் எதுவானால் என்ன என்று தலையாட்டினேன். கண்ணாடி மாதிரி வெள்ளைக் குழாய் கொடுத்தார். டாங்கின் திருகை மூடி, குழாயை மாற்றி, மறுபடி திறந்தும் வைத்தேன். ராத்திரி முழுக்க அது பெட்ரோலில் ஊறியது. நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் வலது சீட்டில் சம்பந்தி, வெள்ளை வேட்டி சட்டையில். பக்கத்தில் மாப்பிள்ளை. நானும் என் வீட்டுக்காரியும் வடைத் தூக்கோடு தள்ளி நின்றோம். இஞ்சின் உறுமியது. சம்பந்தியின் மீசை அதிர்ந்தது, அதற்கு அடியில் ஒரு சிரிப்புகூட எட்டிப் பார்த்தது. அப்புறம் நாலு இருமல். நின்றுவிட்டது.

மாப்பிள்ளை குதித்து இஞ்சினுக்கு ஓடினார். சம்பந்தி அசையவில்லை.

"இறங்குங்க சம்பந்தி, வடை ஆறுது."

"நீங்க போய்ச் சாப்புடுங்க. நான் இங்கயே இருக்கறனுங்க."

மாப்பிள்ளைக்குக் கண் கலங்கிவிட்டது. "பாத்தீங்களா மாமா, அப்பாவுக்குப் புடிச்சுப்போச்சு."

சம்பந்தி என்னை மட்டும் விரலால் அழைத்தார். காதருகே, "மாத்து வேட்டி இருக்குதுங்ளா? பசங்களுக்குத் தெரிய வேண்டாமுங்க. வயசாச்சு. சத்தம் வேற" என்றார்.

புரிந்தது. சர்க்கரைக்காரனான எனக்கும் அப்படி வேட்டி நனைந்த ஒரு நாள் உண்டு. (இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.) மேல்துண்டை எடுத்து அவர் மடியில் போடக் குனிந்தேன். குப்பென்று அடித்தது. கொரோனா வந்து போனதிலிருந்து சம்பந்திக்கு வாசனையே தெரியாது. என் மூக்குக்குத் தெரியும்.

"சம்பந்தி, இது பெட்ரோலு."

"பெட்ரோலுங்ளா? நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

"சத்தியமா பெட்ரோல்தான்."

அந்த மனிதர் இறங்கிய வேகத்தை நான் கல்யாண மாப்பிள்ளைகளிடம்கூடப் பார்த்ததில்லை. "கார்த்தி, பெட்ரோல்டா" என்று, மகனுக்கு ராங்க் வந்த மாதிரி அறிவித்தார்.

மாப்பிள்ளை ஓடிவந்து திருகை மூடி, அப்பாவைக் கரும்புக்காட்டு பம்புசெட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனார். திரும்பி வந்து குழாயைப் பிடித்துப் பார்த்தார். உப்பி, தொளதொளவென்று கழன்று தொங்கியது.

"இதை யாரு மாத்துனது?"

"பழசு மஞ்சளா இருந்துச்சு மாப்பிள்ளை."

"அதோட நெறமே மஞ்சள்தானுங்க மாமா. பெட்ரோலுக்குன்னே செய்யறது. இப்ப பெட்ரோல்ல எத்தனால் வேற கலக்கறாங்க. கண்ட பிளாஸ்டிக்கும் தாங்காது."

என் வீட்டுக்காரி தூக்கைக் கீழே வைத்தாள். "பித்தளையில மோர் ஊத்தாதே, அலுமினியத்துல புளி கரைக்காதேன்னு காலம் பூரா என்னை வஞ்சீங்களே. பெட்ரோலுக்கு மட்டும் எது வேணா தாங்குமோ?"

பதிலுக்கு நான் வடையைக் கடித்தேன்.

சம்பந்தி, கொட்டகைக் கொடியில் கிடந்த என் மாற்று வேட்டியைக் கட்டிக்கொண்டு வந்தார். எல்லோரும் அவர் வாயைப் பார்த்தோம். "விக்க வேண்டாம்டா" என்றார். "வண்டி மேல குத்தமில்ல. என் மேலயும் குத்தமில்ல. எல்லாம் சம்பந்தி மேலதான்."

அப்படி ஒரு சந்தோஷமாக யாரும் என்னைக் குற்றம் சொன்னதில்லை. மஞ்சள் குழாய் என் பையிலேயே இருந்தது. சாயங்காலம் மறுபடி இஞ்சின் ஓடியது. சம்பந்தி ஒரு வாரம் கூடவே தங்கிவிட்டுப் போனார்.

அப்போது தொட்டிலில் கிடந்த என் பேரன் இப்போது எல்.கே.ஜி. வீட்டில் எல்லோரும் சொல்லும் இந்தக் கதையைக் கேட்டே வளர்ந்தவன். தமிழ் தட்டித் தடுமாறித்தான் வரும். ஆனால் சில நாள் காலையில் ஈரப் படுக்கையில் எழுந்து உட்கார்ந்து, ஒரு சொல்லைப் பிசகில்லாமல் சொல்வான்: "தாத்தா, பெட்ரோல்."

யாரும் அவனைத் திட்டுவதில்லை. விரிப்பை நான்தான் மாற்றுகிறேன். இந்த வீட்டில் யாரையும் கேட்காமல் நான் மாற்றலாம் என்று விட்டுவைத்திருப்பது அது ஒன்றைத்தான்.