தரை டாக்டரும் ஏழுமலை அண்ணன் தறியும்

ஆரணியில் பல் பிடுங்கத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். பல் பிடுங்குவதற்காக அடுத்தவர் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் தவழ்ந்து போகத் தெரிந்தவர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவரும் எங்கள் ஊரில்தான் இருக்கிறார்.

அவருக்கு அழகான பெயர் ஒன்று உண்டு. கிளினிக் பலகையில் பட்டங்களோடு எழுதியிருக்கிறது. அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. 'தரை டாக்டர்' என்றால் போதும், ஆட்டோக்காரர் மறுபேச்சுப் பேசாமல் வண்டியைத் திருப்புவார். ஐம்பதை ஒட்டிய வயது. மூன்று தெருவுக்குக் கேட்கும் குரல். நெற்றியில் ஒரு விளக்கு. வெள்ளைக் கோட்டு மட்டும் போடமாட்டார்.

"வெள்ளைய பாத்தாலே பாதி பேருக்கு ஊசி ஞாபகம் வந்துடுதுங்க" என்று பெரிய பெரிய செம்பருத்திப் பூ போட்ட துணியில் கோட்டு தைத்துப் போட்டுக்கொண்டிருந்தார். தூரத்திலிருந்து பார்த்தால் ஜன்னல் திரை ஒன்று நடந்து வருவது போல இருக்கும்.

அவர் கிளினிக்கிலும் ஏறி இறங்குகிற, மல்லாத்துகிற பெரிய நாற்காலி உண்டு. அதில் பெரும்பாலும் அவருடைய ஹெல்மெட்தான் சாய்ந்திருக்கும். வருகிறவர்களில் பாதிப் பேர் அந்த நாற்காலியில் உட்கார முடியாதவர்கள். கை கால் இழுத்துக்கொள்கிறவர்கள், சக்கர நாற்காலியை விட்டு இறங்க முடியாதவர்கள், விளக்கைப் பார்த்தாலே அலறுகிறவர்கள். அவர்களை டாக்டர் எதிலும் ஏற்றமாட்டார். அவர்கள் இருக்கும் இடத்துக்குத் தாம் இறங்குவார். தரையென்றால் தரை, ஆட்டோவின் பின்சீட்டென்றால் பின்சீட்டு.

"அந்த சேர் யாருக்குன்னு நெனச்சிகினு இருக்கீங்க? பேஷன்ட்டுக்கா? டாக்டர் இடுப்பு வலிக்காம இருக்கறதுக்குங்க! என் இடுப்புதான் எப்பவோ போச்சே, அப்புறம் இன்னா?"

அவர் ஊருக்கு வந்த புதிதில் கிளினிக் வாசலில் நான்கு படி இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அது காணாமல் போய், சிமெண்டுச் சரிவு ஒன்று முளைத்திருந்தது. கட்டடத்தின் சொந்தக்காரர் திருவண்ணாமலையிலிருந்து திரும்பி வந்து அலறினார்.

"டாக்டரம்மா! என் படி எங்க?"

"படி இருந்தா சக்கரம் எப்டிங்க ஏறும்?"

"இன்னாங்க பேஜாரா போச்சு! நான் எப்டி ஏறுவேன்?"

"நடந்துதான் ஏறணும். நீங்க என்ன சக்கரமா?"

அவர் ஏறிப் பார்த்தார், இறங்கிப் பார்த்தார், சுலபமாகத்தான் இருந்தது. அந்தக் கோபத்தில் ஒரு வாரம் பேசவில்லை.

பெரணமல்லூரிலிருந்து கண் தெரியாத ஒரு அம்மாள் வருவார். ஒவ்வொரு கருவியையும் அவர் கையில் கொடுத்துத் தடவிப் பார்க்கச் சொல்லி, இது சுரண்ட, இது துடைக்க என்று விளக்கிய பிறகுதான் வாயருகே கொண்டு போவார் டாக்டர். ஒருநாள் அந்த அம்மாள் கையில் குட்டிக் கண்ணாடி அகப்பட்டது.

"எனக்கெதுக்கு டாக்டரம்மா கண்ணாடி?"

"ஒனக்கில்லமா, எனக்கு. கண்ணு தெரிஞ்சவங்க பாடு எப்பவுமே கஷ்டம்."

அந்த அம்மாள் சிரித்த சிரிப்பில் இரண்டு கடைவாய்ப் பல்லும் தெரிந்துவிட்டன. கண்ணாடிக்கு வேலையே இல்லாமல் போயிற்று.

காது கேளாத டெய்லர் ஒருவருக்காக, உதடு தெரியும்படி முகத்துக்குக் கண்ணாடி மாதிரி ஒரு மறைப்பை வாங்கி மாட்டிக்கொண்டார். அதில் ஒரு சிக்கல். டாக்டருக்கு வேலை மும்முரத்தில் முணுமுணுக்கிற பழக்கம். "சனியன் புடிச்ச வேரு, வருதா பாரு" என்று அவர் சத்தமில்லாமல் திட்டுவதையெல்லாம் டெய்லர் ஒன்று விடாமல் உதட்டிலிருந்து படித்து, வாய் நிறையப் பஞ்சோடு குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பார். டாக்டர் திட்டையும் நிறுத்த முடியாமல், வேலையையும் பார்க்க முடியாமல் திண்டாடினார்.

இதெல்லாம் நான் கேட்டும் பார்த்தும் சிரித்த கதைகள். சிரிக்க முடியாத ஒரு நாளில்தான் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார்.

என் தம்பி சாலமோனுக்கு முப்பத்தைந்து வயது. ஆறடி உயரம். ஆட்டிசம். பேச்சு வராது, யாரும் தொடுவது பிடிக்காது. அம்மா பல் துலக்கிவிடப் போனால்கூட தலையைத் திருப்பிக்கொள்வான். ஒருநாள் தன் கன்னத்தைத் தானே குத்திக்கொள்ள ஆரம்பித்தான். சாப்பாட்டைத் தள்ளினான். கன்னம் கண்வரைக்கும் வீங்கியது. ஒரு கிளினிக்கில் நாலு பேராகப் பிடித்தோம். அவன் விளக்கைப் பிடுங்கி அங்கிருந்த டாக்டர் கையிலேயே கொடுத்துவிட்டான். பெரிய ஆஸ்பத்திரியில் மயக்கம் கொடுத்து எடுக்கலாம், ஆனால் அவனுக்கு வலிப்பு நோயும் இருப்பதால் பொறுத்துத்தான் செய்யவேண்டும் என்றார்கள். தேதி தள்ளிக்கொண்டே போனது. அவன் சாப்பிடாததால் அம்மாவும் சாப்பிடவில்லை.

தரை டாக்டர் வந்தபோது சாலமோன் கட்டிலுக்கு அடியில் இருந்தான். அவர் அவனைக் கூப்பிடவே இல்லை. செம்பருத்திக் கோட்டோடு குப்புறப் படுத்து, தவழ்ந்து உள்ளே போனார். இரண்டு ஜோடிக் கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன.

"டாக்டரம்மா, இன்னா பண்றீங்க?" என்றேன்.

"பல்லு தேச்சிகினு இருக்கேன், வாத்தியாரே. தொந்தரவு பண்ணாதீங்க."

நிஜமாகவே தம் பல்லைத்தான் தேய்த்துக்கொண்டிருந்தார். வெளியே வந்தபோது தலை நிறைய ஒட்டடை. வீக்கத்துக்கு மாத்திரை எழுதிக்கொடுத்து, அதை நசுக்கிச் சர்க்கரைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கச் சொல்லிவிட்டுப் போனார். மறுநாளும் வந்தார். அதற்கடுத்த நாளும். ஒருநாள் அவனும் ஒரு பிரஷ்ஷை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டான்.

அப்போதுதான் அவர் ஒன்றைக் கவனித்தார். எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டு ஏழுமலை அண்ணனுக்கும் ஒரே சுவர். அந்தப் பக்கம் அவருடைய கைத்தறி. அது ஓட ஆரம்பித்தால் சாலமோன் எங்கிருந்தாலும் வந்து சுவரில் முதுகையும் தலையையும் சாய்த்து உட்கார்ந்துவிடுவான். முகம் தளர்ந்துவிடும். பிறந்ததிலிருந்து பார்க்கிறோம், நாங்கள் அதை அவன் பழக்கம் என்று விட்டுவிட்டோம். டாக்டர் போய்த் தம் முதுகையும் சாய்த்துப் பார்த்தார்.

"அடேங்கப்பா! செவுரு மசாஜ் பண்ணுது! ஆப்பரேஷன் தியேட்டர் கெடச்சிடுச்சு வாத்தியாரே!"

மறுநாள் தறி ஓடும்போது அவன் அருகில் தரையில் உட்கார்ந்து, தறியின் தாளத்துக்கே அவன் கன்னத்தைத் தட்டி, உதட்டைத் தொட்டு, விரலை உள்ளே விட்டார். வாய் திறந்தது. அந்த நேரம் பார்த்து ஏழுமலை அண்ணன் டீ குடிக்க எழுந்து போய்விட்டார். தறி நின்றது. வாய் மூடியது. விரல் உள்ளே.

மூன்று தெருவுக்குக் கேட்கும் குரல்காரர் கத்தவில்லை. கையை இழுக்கவில்லை. கண்ணில் நீர் வழிய, கொசு பேசுவது போலச் சொன்னார்: "யாருங்க தறிய நிறுத்தினது... அந்தாள ஜல்தி குந்த வைங்க."

நான் டீக்கடைக்கு ஓடிய ஓட்டத்தை என் மாணவர்கள் பார்க்காதது என் அதிர்ஷ்டம். தறி மறுபடி ஓடியது. வாய் திறந்தது. விரலில் பதிந்த தடத்தைப் பார்த்து அவர் முதலில் சொன்னது: "முன்பல்லு எல்லாம் நல்லா ஸ்ட்ராங்கா இருக்கு."

வீக்கம் வடிந்ததும், அவனுக்கு வழக்கமாக மருந்து கொடுக்கும் வலிப்பு டாக்டரிடம் பேசிவிட்டு, பல்லை எடுக்க வந்தார். அன்று ஏழுமலை அண்ணன் தறியில் உட்கார்ந்தார்; எழுந்திருக்காதபடி அவர் மனைவி வாசலில் உட்கார்ந்தார். எனக்குப் பேசத் தடை. அம்மா சமையலறையில் "கர்த்தரே, கர்த்தரே" என்று உரக்க ஆரம்பித்தார்.

"அம்மா, மனசுக்குள்ள சொல்லுங்க. அவருக்குக் கேக்கும்."

பற்களுக்கு நடுவே ஒரு ரப்பர்க் கட்டை. தறி அடிக்கிற அடியோடு மரத்துப்போகிற ஊசி இறங்கியது. கொஞ்ச நேரம் அவனோடு சேர்ந்து சுவரில் சாய்ந்திருந்தார். பிறகு அவர் பாதி படுத்து, பாதி மண்டியிட்டு, ஒரு கையால் அவன் தாடையைத் தாங்கி, மறு கையால் வேலை செய்தார். உதடு மட்டும் அசைந்தது. டெய்லர் இருந்திருந்தால் சிரித்திருப்பார். சாலமோன் ஒருமுறை அவர் கோட்டை இறுகப் பிடித்தான். அவர் நின்றார். அவன் விட்டதும் தொடர்ந்தார். நாலு பேர் பிடித்தும் நடக்காத காரியம், யாரும் பிடிக்காமல் நடந்துகொண்டிருந்தது. நான் பார்த்த கோயில், தேர், சர்ச், கல்யாணம் எதிலும் அப்படி ஒரு அமைதியைப் பார்த்ததில்லை.

பல் வெளியே வந்தது. அவர் அதை அவனிடம் காட்டினார். அவன் முகர்ந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான்.

தறி மட்டும் நிற்கவில்லை. முடிந்தது என்று அந்தப் பக்கம் சொல்ல எல்லோரும் மறந்துபோனோம். ஏழுமலை அண்ணன் பயத்தில், புடவையில் முந்தானை ஆரம்பிக்கவேண்டிய இடத்தைத் தாண்டி உடல் பகுதியையே நெய்துகொண்டு போயிருந்தார்.

"இந்தப் பொடவைய கட்ட ஒரு பனமரம்தான் வரணும்" என்றார் அவர் மனைவி. சொல்லிவிட்டு அவரே அழுதார்.

அன்று மாலை சாலமோன் குழைந்த சாதம் சாப்பிட்டான். அம்மாவும் சாப்பிட்டார்.

போன மாதம் அவனைக் கூட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போயிருந்தேன். எதிரே ஸ்கூட்டரில் தரை டாக்டர். சாலமோன் யாருக்கும் வணக்கம் சொன்னதில்லை, யாரையும் நிமிர்ந்து பார்த்ததில்லை. நட்ட நடுரோட்டில் நின்று, அண்ணாந்து, ஆவென்று வாயைத் திறந்தான். அவர் வண்டியை அங்கேயே நிறுத்தினார். பின்னால் பஸ் ஹாரன் அடித்தது, லாரி திட்டியது. அவர் நிதானமாக உள்ளே எட்டிப் பார்த்து, "சூப்பரா இருக்குடா ராஜா, மூடிக்கோ" என்றார். அவன் மூடிக்கொண்டான்; சிரித்தான் என்றுதான் நினைக்கிறேன்.

அவனைப் பெற்ற அம்மாவுக்கும், கூடப் பிறந்த எனக்கும் இன்னும் கிடைக்காத வணக்கம் அது. பொறாமையாகத்தான் இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும், அந்த டாக்டரம்மாவுக்குத்தானே கிடைத்தது.