அலிஸ்டரின் மட்டைக்கு ஏற்ற நரம்பு

இறுதிப் போட்டிக்கு மூன்று வாரம் இருக்கும்போது அலிஸ்டரின் டென்னிஸ் மட்டையில் நரம்பு பட்டென்று அறுந்தது. அறுந்தது என்ன வகை என்று அவனுக்கே தெரியாது.

அடிலெய்டிலிருந்து இந்தக் கோதுமை ஊருக்கு வந்து மருந்துக்கடை வைத்து எட்டு மாதம்தான் ஆகிறது. உள்ளூர் டென்னிஸின் பி பிரிவு அணியில் இடம் கிடைத்த பிறகுதான் ஊர்க்காரர்கள் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தார்கள். அந்த இடம் போனால் மறுபடி வெறும் இருமல் மருந்துக்காரன்.

"என்ன நரம்பு போடலாம்?" என்று கேப்டன் பிரான்வெனிடம் கேட்டான்.

"கெட்டி பாலியெஸ்டர். எவ்வளவு இழுக்க முடியுமோ அவ்வளவு இழுத்துக் கட்டச் சொல்லுங்க," என்றாள் அவள் யோசிக்காமல்.

சனிக்கிழமை அவன் அடித்த பந்தெல்லாம் வலை வரைக்கும் போய்ப் பொத்தென்று விழுந்தது. ஆறுக்கு ஒன்று என்று தோற்றான். முழங்கை வீங்கி, திங்கட்கிழமை மாத்திரை டப்பாவை வாடிக்கையாளரிடமே கொடுத்துத் திறக்கச் சொல்ல வேண்டியதாயிற்று.

"தப்பு என் மேலதான்," என்று பிரான்வென் அவன் தோளைத் தட்டினாள். முகத்தில் துளி வருத்தமில்லை. என்ன பெருந்தன்மை என்று அலிஸ்டர் உருகிப்போனான்.

அணியிலேயே மூத்தவரான விவசாயி கிளாரி அவனைத் தனியே அழைத்தார்.

"உன் கைக்கு மாட்டுக்குடல் நரம்புதான் சரி, தம்பி. தொளதொளன்னு கட்டச் சொல்லு."

"எவ்வளவு தொளதொளன்னு?"

"கொசுவலை மாதிரி."

அடுத்த சனிக்கிழமை அவனுடைய முதல் சர்வ் வேலியைத் தாண்டி, மேய்ந்துகொண்டிருந்த ஓர் ஆட்டின் முதுகில் விழுந்தது. நாலாவது பந்துக்குள் ஆடுகள் தாமாகவே தள்ளிப் போய்விட்டன. ஆறுக்குப் பூஜ்யம் என்று தோற்றான்.

"பிரமாதம்! ஃபைனலுக்கும் இதையே வெச்சுக்க," என்றார் கிளாரி.

அலிஸ்டர் வந்த புதிதில் சேர்த்துக் கொடுத்த புள்ளிகள்தான் அணியை இறுதிப் போட்டிவரை இழுத்து வந்திருந்தன. இப்படியே ஆடினால் கழற்றிவிடுவார்கள். ஆறுதலுக்காகப் பாராட்டுகிறார்கள், பாவம். யாருக்கும் சொல்லாமல் பக்கத்து ஊருக்குப் போய், நரம்பு கட்டும் மேவிஸிடம் மட்டையை நீட்டினான்.

"இந்தக் கோணல் யோசனையெல்லாம் உனக்கு யாருப்பா சொன்னது?" என்றாள் மேவிஸ்.

"எங்க டீம்தான். என் மேல அவங்களுக்கு அவ்வளவு அக்கறை."

மேவிஸ் குடல் நரம்பை வெட்டி எறிந்துவிட்டு, எல்லோரும் போடும் சாதா நைலானை அளவாக இழுத்துக் கட்டிக் கொடுத்தாள்.

இறுதிப் போட்டியில் எல்லாம் கடைசி ஆட்டத்துக்கு வந்து நின்றது. அலிஸ்டரும் பிரான்வெனும் ஒரு பக்கம். எதிரூர் கேப்டன் டல்சியும் அவள் கணவரும் மறுபக்கம். பிரான்வென் சர்வ் போட்டால் ஒன்று வலையில், ஒன்று வேலியில். பதற்றம் என்று நினைத்தான் அலிஸ்டர். எதிராளிகளுக்கும் அதே பதற்றம்தான் போலிருக்கிறது. கைக்கு வந்த பந்தைக்கூட விட்டார்கள். அவன் மட்டும் இரண்டு பேர் ஓட்டத்தை ஓடி, ஏழுக்கு ஐந்து என்று ஜெயித்தான்.

கையைத் தூக்கிக்கொண்டு திரும்பினால், பிரான்வென் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள். கிளாரி கோப்பையைப் பார்க்கவே மறுத்துக் காருக்குப் போய்க்கொண்டிருந்தார். தோற்ற டல்சியோ கணவரைக் கட்டிப்பிடித்துக் குதித்தாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு கைகுலுக்க வந்தாள்.

"என்னாச்சு இவங்களுக்கு? இனிமே என்னை டீம்ல வெச்சுப்பாங்க இல்ல?" என்றான் அலிஸ்டர்.

"பி பிரிவுல ஜெயிச்சா அடுத்த வருஷம் ஏ பிரிவுன்னு உனக்கு யாரும் சொல்லலையா? சனிக்கிழமை விடிஞ்சா ஆடறதுக்கு மில்டுரா நகரத்துக்குக் காரோட்டணும்; போக மூணு மணி நேரம், வர மூணு மணி நேரம். ரெண்டு வருஷம் முன்னாடி நாங்க மாட்டிக்கிட்டுப் பட்ட பாடு போதும்டா சாமி!" என்ற டல்சி, இரண்டு கையாலும் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ நல்லா இருக்கணும், தம்பி. இன்னிக்கு இந்த மைதானத்துல ஜெயிக்கணும்னு ஆடினது நீ ஒருத்தன்தான்."